மணி அடிப்பது எதற்காக?

காலை ஆறு மணிக்கு டீ சூடாக இல்லை. ஏழு மணிக்கு மின்விசிறி போதவில்லை. எட்டு மணிக்கு மகனுக்குப் போன் போட வேண்டும். தில்லி முதியோர் இல்லங்களில் இப்படி ஓயாமல் அழைப்பு மணியை அழுத்துகிறவர் ஒருவராவது இருப்பார். ஊழியர்கள் மத்தியில் அவருக்குப் பெயர், தொல்லை.

தொல்லைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. வலி, மலச்சிக்கல், காது மந்தம், தனிமை. நேற்றுவரை அலுவலகத்தையே ஆட்டிவைத்தவருக்கு இன்று குளிக்கும் நேரத்தைக்கூட வேறொருவர் தீர்மானிக்கிறார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவர்களிடமும் நோயை அல்ல, ஆளைப் பாருங்கள் என்று 1997இல் வாதிட்டார் பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட்.

தில்லித் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மறதி முற்றும்போது, பின்னால் கற்ற இந்தியும் ஆங்கிலமும் முதலில் நழுவிப்போவதுண்டு. மிஞ்சுவது தாய்மொழி. பாட்டி 'தண்ணி' என்று கேட்பது இந்தி மட்டுமே தெரிந்த ஆயாவுக்கு வெறும் கூச்சல்.

வழிகள் எளியவை. அவர் அழைக்கும் முன்பே குறித்த நேரத்தில் போய் விசாரிப்பது. தினமும் அதே முகம். டீயா, காபியா என்ற சின்ன முடிவுகளை அவரிடமே விடுவது. முடியாததை எல்லா ஊழியரும் ஒரே மாதிரி, பணிவாகச் சொல்வது. கட்டிலருகே பத்துத் தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் ஒட்டிவைப்பது.

ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில் அமைக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். கட்டில்களை எண்ணிவிடலாம். ஆனால் இரவில் முப்பது பேருக்கு ஒரே ஆயா என்றால், எந்த மணியும் தொல்லையாகத்தான் கேட்கும்.