24 டன் ஜல்லி 55 கிராம் ஆவது எப்படி?

தராசும் படியும் நமக்கு அன்றாடப் பழக்கம். ஆனாலும் ஒரு டப்பாவைக் கண்ணால் பார்த்து, "இதில் இவ்வளவு கொள்ளும்" என்று சொன்னால் பல சமயம் தவறிவிடுகிறோம். ஏன் தவறுகிறோம் என்பது, ரயில் பாதைக்கு ஜல்லி ஏற்றிச் செல்லும் வேகனையும் அதன் சிறிய மாதிரியையும் ஒப்பிட்டால் நன்கு விளங்கும்.

தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஜல்லி, வண்டியின் பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது, ஸ்லீப்பர் கட்டைகளை நகராமல் பிடிக்கிறது, மழைநீரை வடியவிடுகிறது. இதற்குக் கூழாங்கல் உதவாது. முனையுள்ள உடைகல்தான் ஒன்றையொன்று கவ்வி நிற்கும்.

இந்த ஜல்லியைக் கொட்ட பிரிட்டனில் 1950களில் கட்டப்பட்டது 'டாக்ஃபிஷ்' வேகன். கொள்ளளவு 24 டன். அடியில் மூன்று வாய்கள்: ஒன்று நடுவில், இரண்டு பக்கங்களில். ஒரு முனையில் உள்ள மேடையில் நின்று கைச்சக்கரங்களைத் திருப்பினால், வேண்டிய வாய் வேண்டிய அளவு திறக்கும். பின்னால் வரும் 'ஷார்க்' என்ற பிரேக் வண்டி, கலப்பை போன்ற தகட்டால் ஜல்லியை ஒதுக்கிச் சமன்செய்யும். மீன் பெயர்கள் எதற்கு? தந்தியில் நீளமாக எழுதாமல் ஒரே சொல்லில் வேகன் வகையைக் குறிக்கத்தான். தந்திச் செலவை மிச்சப்படுத்தக் குறிச்சொல் வைத்திருந்த வியாபாரிகளுக்கு இது புதிதல்ல.

டென்மார்க்கின் ஹெல்ஜன் நிறுவனம் இந்த டாக்ஃபிஷை மாதிரி ரயில் பிரியர்களுக்காக 76-இல் ஒரு பங்கு அளவில் செய்து விற்றது. இனிக் கணக்குக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 76-இல் ஒரு பங்காகும்போது, கொள்ளளவு 76 × 76 × 76, அதாவது 4,38,976-இல் ஒரு பங்காகிவிடுகிறது. பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. அப்படியானால் 24 டன் சரக்கு மாதிரி வேகனில் ஏறக்குறைய 55 கிராம்தான்! ஒரு சிறு பொட்டலம் சீரகம்.

கல்லும் அப்படியே. 50 மில்லிமீட்டர் ஜல்லி, மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ரவை அளவு. கடுகைக் கொட்டினால், நிஜப் பாதையில் உரித்த தேங்காயளவு கல்லைக் கொட்டியதற்குச் சமம்.

எடை இவ்வளவு குறைவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிஜ ஜல்லி தன் பாரத்தாலேயே இறங்கும். பொடிக்கல்லுக்குப் பாரம் போதாது; சிறிது ஈரம் பட்டாலும் வாயில் ஒட்டிக்கொள்ளும். ரவை சரசரவென இறங்க, மைதா தட்டினால்தான் விழுவதை நாம் கடையில் பார்க்கிறோமே, அதே காரணம்தான். ஆகவே மாதிரிப் பாதை அமைப்போர் பொடிக்கல்லைத் தூரிகையால் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு நம் கல்லாவுக்கும் பொருந்தும். எல்லாப் பக்கமும் இரட்டித்த டின்னில் எட்டு மடங்கு சரக்குக் கொள்ளும். அதற்குத் தேவையான தகரமோ நான்கு மடங்குதான். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு பெட்டி மூன்று பக்கமும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கொள்ளளவோ 27 சதவீதம் குறைந்துவிடும். புதிய பாக்கெட் வந்து இறங்கும்போது பழைய விலையை மட்டும் பார்க்காமல், அச்சிட்டுள்ள நிகர எடையையும் பார்த்து வாங்குவோம். வாடிக்கையாளர் கேட்பது நம்மைத்தான்.