நெய்தல் கருப்பொருளும் மழலையர் வகுப்பும்: காட்டுப்பள்ளிக் கடற்கரையை முன்வைத்துப் பாடத் திட்டமிடலும் வீட்டுப்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எழுத்துவழி வீட்டுப்பாடம் தருவதைக் கல்விக் கொள்கைகளும் நீதிமன்றத் தீர்ப்பும் ஏற்கவில்லை. எனினும் வீட்டையும் வகுப்பையும் இணைக்கும் பணி ஒன்று குழந்தைக்குத் தேவைப்படுகிறது. அப்பணி வாய்மொழியாக அமைய வேண்டும் என்பதையும், அதன் விடையே மறுநாள் பாடத்தின் தொடக்கமாக வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னையை ஒட்டிய காட்டுப்பள்ளிக் கடற்கரைச் சூழல் களமாகவும், தொல்காப்பியத்தின் கருப்பொருள் பகுப்பு பாடத் திட்டச் சட்டகமாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மழலையர் கல்வி, அங்கன்வாடி, நெய்தல், கருப்பொருள், வீட்டுப்பணி, வட்டார வழக்கு, காட்டுப்பள்ளி.

முன்னுரை

மழலையர் வகுப்பு என்னும் கருத்துக்கு நவீன வடிவம் தந்தவர் செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் புரோபல். 1840-இல் அவர் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ என்னும் பெயருக்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். அங்கே விளையாட்டே பாடம். தமிழகத்தில் இவ்வயதினர்க்கான கல்வி மிகுதியும் அங்கன்வாடிகள் வழியாகவே எளிய குடும்பங்களைச் சென்றடைகிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன.

வகுப்புகள் பெருகிய அளவுக்கு, அவற்றில் என்ன கற்பிப்பது, வீட்டுக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்னும் வினாக்களுக்குத் தெளிவு பிறக்கவில்லை. தனியார் மழலையர் பள்ளிகளில் நான்கு வயதுக் குழந்தை பக்கம் பக்கமாக எழுத்துகளைப் படியெடுப்பது வழக்கமாகிவிட்டது. அதைக் கண்ட பெற்றோர் அங்கன்வாடியிலும் அதையே எதிர்பார்க்கின்றனர். ஆசிரியர் வீட்டுப்பாடம் தராவிட்டால் ‘ஒன்றும் சொல்லித் தருவதில்லை’ என்னும் எண்ணம் எழுகிறது. இந்த எதிர்பார்ப்பை வெறும் மறுப்பால் கடக்க இயலாது. அதற்கு ஈடாகப் பெற்றோர் கண்ணால் காணத்தக்க, பொருளுள்ள பணி ஒன்றை முன்வைக்க வேண்டும்.

வீட்டுப்பாடம்: சட்டமும் கொள்கையும்

முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் என். கிருபாகரன் 2018 மே மாதம் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு நவம்பரில் நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இதை வலியுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, மழலையர்க்குப் பையே வேண்டாம் என்கிறது. முதல் இரண்டு வகுப்பினர்க்கே வீட்டுப்பாடம் இல்லை எனில், அவர்க்கும் இளையோர்க்கு அது பொருந்தாது என்பது வெளிப்படை.

எனினும் இக்கொள்கை வெறும் விலக்கோடு நின்றுவிடவில்லை. முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தனர், என்ன விளையாடினர், என்ன உண்டனர் என்பவற்றை வகுப்பில் சொல்ல ஊக்கப்படுத்துமாறு கூறுகிறது. அதாவது, வகுப்பிலிருந்து வீட்டுக்குச் செல்லும் எழுத்துச் சுமைக்கு மாற்றாக, வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் பேச்சை முன்வைக்கிறது. இக்கட்டுரை அதனை ‘வீட்டுப்பேச்சு’ எனச் சுட்டுகிறது.

காட்டுப்பள்ளி: குழந்தையின் உலகம்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த காட்டுப்பள்ளி, எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கொசத்தலையாற்று உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த மணல் திட்டில் அமைந்துள்ளது. வடக்கே பழவேற்காட்டு ஏரி. கழியில் இறாலும் நண்டும் மடவையும் கிடைக்கின்றன. கண்டல் மரங்களும் உப்பளங்களும் இப்பகுதியின் பழைய அடையாளங்கள்.

இதே நிலம் தொழில் மண்டலமாகவும் மாறியுள்ளது. எண்ணூரில் அமைந்த காமராசர் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. தொடர்ந்து கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. இவற்றின் பொருட்டுக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன.

ஆகவே இங்குள்ள குழந்தை ஒரே நாளில் வலையையும் கிரேனையும் காண்கிறது. நண்டு வளையையும் கண்டெய்னர் லாரியையும் அறிகிறது. கடலோடு இருந்த அன்றாடத் தொடர்பு குறையும்போது, மீன், காற்று, நீரோட்டம், வலை ஆகியவற்றைச் சுட்டும் சொற்களும் குழந்தையின் வாயை எட்டாமற் போகக்கூடும். அச்சொற்கள் தாத்தா பாட்டியரிடம் இன்றும் உள்ளன. மழலையர் வகுப்பு அவற்றைக் கேட்டுப் பெறுமா, ஒதுக்கிவிடுமா என்பதே இங்குள்ள முதன்மையான வினா.

கருப்பொருள் என்னும் சட்டகம்

தமிழக அங்கன்வாடிகளுக்கென உருவாக்கப்பட்ட ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் கருப்பொருள் அடிப்படையில் அமைந்தது. இங்குக் கருப்பொருள் என்பது பாடத்தின் மையப்பொருளைக் குறிக்கிறது. தமிழ் மரபில் இச்சொல்லுக்கு வேறொரு செறிந்த பொருளும் உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் எனத் தொல்காப்பியப் பொருளதிகாரம் தொகுக்கிறது. ஒரு நிலத்து வாழ்வை அந்நிலத்துப் பொருள்கள் வழியே அறியும் இம்முறை, மூன்று வயதுக் குழந்தை உலகை அறியும் முறைக்கு மிக நெருக்கமானது. குழந்தையும் கையில் அகப்படும் பொருளிலிருந்தே கருத்துக்குச் செல்கிறது.

இப்பகுப்பைக் காட்டுப்பள்ளிக்குப் பொருத்தினால் ஓராண்டுக்கான தலைப்புகள் எளிதில் கிடைக்கும். உணவு: மீன், இறால், உப்பு. விலங்கு: நண்டு, ஆமை. மரம்: புன்னை, கண்டல், பனை. பறவை: கொக்கு, பூநாரை. பறையும் யாழும்: அலையோசை, கப்பலின் சங்கொலி, குப்பத்துத் திருவிழா மேளம். தொழில்: வலை பின்னுதல், மீன் விற்றல், உப்பு விளைத்தல், கப்பலில் சரக்கேற்றுதல், லாரி ஓட்டுதல். கடைசி இரண்டும் பழைய நெய்தலில் இல்லாதவை. ஆயினும் அவற்றை விலக்குதல் பிழையாகும். குழந்தை நாள்தோறும் காண்பதே அதன் கருப்பொருள். இலக்கிய நெய்தலை மட்டும் வகுப்பில் வைத்தால், அது குழந்தைக்கு மற்றோர் அயலான பாடநூலாகிவிடும்.

ஒரு வாரப் பாடம்: நண்டு

சங்க அகப்பாடல்களின் நெய்தற் சிறுமியர் அலவனை, அதாவது நண்டினை, விரட்டி விளையாடுகின்றனர். அவ்விளையாட்டு இன்றும் கடற்கரைக் குழந்தைக்குப் புதிதன்று. ஆதலின் நண்டினை வாரப்பாடமாக்கி, திட்டமிடலைப் பின்வருமாறு விளக்கலாம்.

திங்களன்று களிமண்ணால் நண்டு செய்தல். அன்றைய வீட்டுப்பேச்சு: ‘நண்டு எங்கே ஒளிந்துகொள்ளும்?’

செவ்வாயன்று பாடம் அவ்விடைகளிலிருந்தே தொடங்கும். வளை, சேறு, மணல், கண்டல் வேர் எனக் குழந்தைகள் கொண்டுவரும் சொற்களை ஆசிரியர் திரும்பச் சொல்லி ஏற்கிறார். பின்னர் நண்டுபோலப் பக்கவாட்டில் நடத்தல்; முன், பின், பக்கம் என்னும் இடக் கருத்துகள் உடலால் அறியப்படும். வீட்டுப்பேச்சு: ‘நண்டுக்கு எத்தனைக் கால்?’

புதனன்று எட்டு என ஒரு குழந்தையும் பத்து என மற்றொரு குழந்தையும் சொல்லக்கூடும். கொடுக்குகளைச் சேர்த்தால் பத்து, சேர்க்காவிட்டால் எட்டு. எனவே இரண்டு விடையும் சரி. கிளிஞ்சல்களை அடுக்கி எண்ணிப் பார்க்கையில், எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமையும் என்னும் கணித அடிப்படை விளையாட்டாகவே புலப்படும். மூன்று வயதினர் கிளிஞ்சல்களை அடுக்கலாம். ஐந்து வயதினர் எண்ணலாம். வீட்டுப்பேச்சு: ‘நண்டு போல ஒலிக்கும் ஒரு சொல்.’

வியாழனன்று வண்டு, துண்டு, செண்டு, இரண்டு என ஒலியியைபு விளையாட்டு. எழுத்துக்கான ஆயத்தமும் அன்றே. ‘நண்டு’ சொல்ல எளிது, எழுத அரிது. எனவே சொல்லும் சொல்லையே எழுதவும் வைக்க வேண்டியதில்லை. நேர்கோடுகளால் ஆன ‘ட’ என்னும் எழுத்தைப் படகு, கடல் ஆகிய சொற்களில் காட்டி, மணலில் விரலால் வரையச் செய்தல் போதும். மணலில் எழுதுதல் இம்மண்ணின் பழைய திண்ணைப்பள்ளி முறை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் ஏற்றார். பின்னர் அது அவரது ‘மதராசு முறை’யின் கூறாக இங்கிலாந்துக்கும் சென்றது. பிஞ்சு விரலுக்குப் பென்சிலைவிட மணல் இணக்கமானது. பிழையும் உடனே அழிந்துவிடும். வீட்டுப்பேச்சு: ‘வீட்டில் யாரிடமாவது ஒரு நண்டுக் கதை கேட்டு வருக.’

வெள்ளியன்று கதை சொல்லலும் படம் வரைதலும். குழந்தை சொல்லும் ஒரு தொடரை அதன் படத்தின்கீழ் ஆசிரியர் எழுதித் தருகிறார். தன் பேச்சு எழுத்தாவதைக் குழந்தை காண்கிறது. அந்தத் தாள் வீட்டுக்குச் செல்கிறது. ‘என்ன படித்தாய்?’ என்னும் பெற்றோரின் வினாவுக்கு அதுவே விடையாகும்.

வீட்டுப்பேச்சின் வரையறைகள்

இப்பணிக்கு நான்கு வரையறைகள் தேவை. முதலாவது, எழுதுகோல் தேவைப்படக் கூடாது. இரண்டாவது, காசு கொடுத்து வாங்கும் பொருளோ திறன்பேசியோ தேவைப்படக் கூடாது. மூன்றாவது, எழுத்தறியாத பாட்டியும் விடை சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். நான்காவது, கேட்டு வராத குழந்தையும் மறுநாள் பாடத்தில் பங்கேற்க இயல வேண்டும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?’, ‘நேற்று என்ன மீன் வாங்கினீர்கள்?’ போன்ற வினாக்கள், தொழிலும் இருப்பிடமும் மாறிய குடும்பத்துக் குழந்தையைக் கூசச் செய்யலாம். உண்டதைப் பற்றிய உரையாடலைக் குழந்தை தானே தொடங்கட்டும். வீட்டில் இல்லாததைக் கேளாமல் இருப்பதைக் கேட்பதே வீட்டுப்பேச்சு.

வட்டார வழக்கும் பிறமொழியும்

வடசென்னை வட்டாரப் பேச்சில் ழகரம் யகரமாக ஒலிப்பதுண்டு. பழம் ‘பயம்’ ஆகும். குழந்தை கொண்டுவந்த சொல்லை அந்நொடியே திருத்தினால், மறுநாள் அது சொல் கொண்டுவராது. ஆசிரியர் முதலில் பொருளை ஏற்று, தம் மறுமொழியில் ‘பழம்’ என இயல்பாக ஒலித்துக் காட்டலாம். குழந்தையின் செவி அவ்வேறுபாட்டைப் பழகும். எழுத்து பின்னர் அதை நிலைநிறுத்தும்.

துறைமுகப் பணிகளுக்காக வந்த பிற மாநிலத்தார் குழந்தைகளும் இப்பகுதி வகுப்புகளில் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் நண்டு தெலுங்கில் ‘பீத’ என்றோ இந்தியில் ‘கேக்டா’ என்றோ வழங்கும். அச்சொல்லையும் வகுப்பு முழுவதும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால், தமிழறியாத குழந்தையும் அன்று ஒரு சொல்லைக் கொடுத்த குழந்தையாகிறது. வீட்டுமொழியே தொடக்கக் கற்றலின் மொழி என்னும் 2022-ஆம் ஆண்டின் அடிப்படை நிலைத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

முடிவுரை

மழலையர் வகுப்பின் திட்டமிடலில் ஆசிரியர் முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடியது பாதியே. மறுபாதி குழந்தைகள் மறுநாள் கொண்டுவரும் சொற்களால் நிறைவுறும். ஆகவே வீட்டுப்பேச்சின் பயன் கேட்கப்படும் வினாவில் மட்டும் இல்லை. விடையைக் கொண்டு மறுநாள் பாடம் தொடங்காவிட்டால் அதுவும் வெற்றுச் சடங்காகிவிடும். நெய்தல் கருப்பொருள் சட்டகம், கடற்கரைக் குழந்தையின் அறிவைப் பாடமாக ஏற்பதற்கு ஒரு வாயிலைத் தருகிறது. மருதம், குறிஞ்சி, முல்லை நிலங்களுக்கும் நகர்ப்புறங்களுக்கும் இச்சட்டகத்தை விரித்துப் பார்ப்பதும், மழலையர் கொண்டுவரும் சொற்களை ஆண்டுதோறும் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதிக்குத் துணையாக்குவதும் மேலாய்வுக்குரியன. துறைமுகங்கள் விரியும் கரையில் ஒரு குப்பத்தின் சொல்வளம், நான்கு வயதுக் குழந்தையின் நாவில் வகுப்பறைக்குள் வருமாயின், அச்சொற்களுக்கு இன்னுமொரு தலைமுறை வாழ்வு உண்டு.