“பையை கொஞ்சம் பிடிங்கண்ணே!” கஞ்சா வழக்கில் சிக்கினால் என்ன ஆகும்?

சென்னை சென்டிரலில் ஆந்திரா, ஒடிசா பக்கத்து ரெயில் வந்து நின்றால் போலீசாரின் கண் முதலில் பைகள் மீதுதான் விழும். “பையை கொஞ்சம் பிடிங்கண்ணே, டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று கொடுத்துவிட்டு நழுவும் ஆசாமிகளும் உண்டு. பையை பிடித்தவர் கதி?

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று அழுதால் மட்டும் போதாது. பை அவர் வசம் இருந்தது என்பதை முதலில் போலீசார் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், உள்ளே இருப்பது தெரிந்தேதான் வைத்திருந்தார் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவர்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். கொலை வழக்கில்கூட இந்த சுமை கிடையாது! டிக்கெட், சீட் நம்பர், செல்போன் அழைப்பு விவரம், நிலைய கேமரா பதிவு எல்லாம் இங்கே உயிர் காக்கும். கேமரா பதிவு அழிவதற்குள் வக்கீல் மனு போட்டாக வேண்டும்.

எடைதான் எல்லாம்

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்பு சட்டத்தில் தண்டனையை முடிவு செய்வது தராசு. கஞ்சா ஒரு கிலோவுக்கு குறைவு என்றால் ஓராண்டு வரை ஜெயில். ஒரு கிலோ முதல் 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டு வரை. 20 கிலோவை தாண்டினால்தான் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. அபராதம் ஒரு லட்சத்துக்கு குறையாது. “இவர் குற்றவாளி இல்லை” என்று கோர்ட்டு நம்ப காரணம் இருந்தால்தான் ஜாமீன். 180 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்க உரிமை உண்டு. ஆனால் அரசு வக்கீல் காரணம் காட்டி கெடுவை ஓராண்டு வரை நீட்டலாம்.

பூ, காய் உள்ள நுனிப்பகுதிதான் கஞ்சா. இலையும் விதையும் தனியாக இருந்தால் சட்டப்படி அது கஞ்சா ஆகாது. 20 கிலோவை ஒட்டிய வழக்குகளில் வக்கீல்கள் பிடிப்பது இந்த பிடியைத்தான்.

சோதனையில் கோளாறு

உடம்பை சோதனை போடும் முன்பு, “மாஜிஸ்திரேட்டு அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்க உமக்கு உரிமை உண்டு” என்று போலீசார் சொல்லியே ஆக வேண்டும். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு அடித்து சொன்னது இது. பையை சோதிக்க இது பொருந்தாது என்பது பலருக்கு தெரிவதில்லை.

மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வழக்கு ஆட்டம் காணும். ஆனால் அது ஒன்றே விடுதலைக்கு போதாது என்று 2025-ல் தீர்ப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இருந்து போன தூபான்சிங் வழக்கில் 2020-ல் வந்த தீர்ப்பு முக்கியம். போதை தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாக வைத்து தண்டிக்க முடியாது. எனவே வெற்று தாளில் கையெழுத்து போடவே கூடாது.

பழக்கத்துக்கு அடிமையாகி சிறு அளவில் பிடிபட்டவர் தானாக சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கில் இருந்தே விலக்கு பெற வழி இருக்கிறது. பாதியில் ஓடிவிட்டால் அந்த சலுகை போய்விடும்.

வக்கீல் வைக்க பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணையத்தை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான கணக்கு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.