அறுபத்தேழு எங்கே?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், 2020-ல் நடந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில் லிஸ் செனி வாங்கிய வாக்கு 73 சதவீதம். 2022 ஆகஸ்டில் அதே மாநிலம், அதே கட்சி. அவருக்கு 29 சதவீதம்கூடத் தேறவில்லை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவர் கட்சி மாறவில்லை, ஊழல் புகாரில் சிக்கவில்லை. முன்னாள் துணை அதிபர் டிக் செனியின் மகள் அவர். பிரதிநிதிகள் சபையில் கட்சியின் மூன்றாவது பெரிய பொறுப்பில் இருந்தவர். அவர் செய்த குற்றம் இரண்டு. 2021 ஜனவரி 13 அன்று, தன் கட்சியின் அதிபர் டொனால்ட் டிரம்புக்கு எதிரான பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதன் பிறகு, நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதை விசாரித்த குழுவிலும் உட்கார்ந்தார்.

அன்று அந்தத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் பத்துப் பேர். அவர்களில் நான்கு பேர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. செனி உள்பட நான்கு பேர் பிரைமரி எனப்படும் அந்தத் தேர்வுத் தேர்தலிலேயே தோற்றுப்போனார்கள். மிஞ்சியவர்கள் கலிஃபோர்னியாவின் டேவிட் வலடேவும் வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸும்தான். அந்த இரண்டு மாநிலங்களிலும் கட்சிக்குத் தனித்தனி பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். அதாவது, சொந்தக் கட்சியின் கோபத்தை மற்றவர்களின் ஓட்டு கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். (எல்லோரையும் தாங்கியது என்று சொல்லிவிட முடியாது. அதே வாஷிங்டனில் ஜேமி ஹெரேரா பியூட்லர் மூன்றாவதாக வந்து வெளியேறினார்.)

ஓர் அதிபரைப் பதவியிலிருந்து இறக்கலாமா, கூடாதா என்ற விவாதத்தை நாம் தொலைக்காட்சியில் பார்க்கும்போது சாட்சிகள், ஆவணங்கள், சட்டப் பிரிவுகள் என்றுதான் பேச்சு ஓடுகிறது. எனக்கென்னவோ, அந்த வழக்கின் தீர்ப்பை எழுதுவது வயோமிங் போன்ற இடங்களில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் இந்தச் சிறிய தேர்தல்கள்தான் என்று தோன்றுகிறது.

இரண்டு படிகள்

முறை எளிமையானது. பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் அதிபர் மீது குற்றம் சாட்டிவிடலாம். அதனால் பதவி போய்விடாது. வழக்கு செனட்டுக்குப் போகும். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார். மூன்றில் இரண்டு பங்கு செனட்டர்கள் குற்றவாளி என்று சொன்னால்தான் அதிபர் வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைய 100 பேர் செனட்டில் அது 67.

1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனத்தை எழுதியபோது அங்கே கட்சிகள் இல்லை. தேசத்துரோகம், லஞ்சம் ஆகியவற்றோடு 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார் ஜார்ஜ் மேசன். அப்படிச் சேர்த்தால் செனட்டுக்குப் பிடிக்கும் வரைதான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்று ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். கடைசியில் 'பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்' என்ற பிடிகொடுக்காத வாசகத்தில் சமரசம் ஆனார்கள். மறு ஆண்டே அலெக்சாண்டர் ஹாமில்டன் எச்சரித்தார்: குற்றம் செய்தாரா இல்லையா என்பதைவிட, எந்த அணிக்கு ஆள்பலம் அதிகம் என்பதே இந்த விசாரணைகளைத் தீர்மானித்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று. கட்சிகள் பிறக்கும் முன்பே அவற்றுக்கு ஜாதகம் கணித்துவிட்டார் மனிதர்.

மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்ததன் நோக்கமே, ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் அதிபரைத் தூக்க முடியக் கூடாது என்பதுதான். ஆனால், எதிர்த் தரப்பிலிருந்து ஒருவர்கூட நகர மாட்டார் என்ற நிலை வந்தால் அந்தப் பாதுகாப்பே பூட்டாகிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு ஓட்டு

முதல் சோதனை 1868-ல் வந்தது. குடியரசுக் கட்சி அதிபர் லிங்கன் 1865-ல் சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். டென்னஸி மாநிலத்துத் தையல்காரர், ஜனநாயகக் கட்சிக்காரர். உள்நாட்டுப் போரின்போது ஒற்றுமையைக் காட்ட லிங்கன் தன்னோடு சேர்த்துக்கொண்டவர். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் பாதுகாப்பும் தரும் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீட்டோ செய்து நாடாளுமன்றத்தோடு மல்லுக்கு நின்றார். குடியரசுக் கட்சியின் உண்மையான ஆத்திரம் அதுதான். ஆனால், அதை வைத்து வழக்குப் போட முடியாது. எனவே ஒரு பொறி வைத்தார்கள். செனட்டின் ஒப்புதல் இல்லாமல் அமைச்சர்களை நீக்கக் கூடாது என்று 1867-ல் ஒரு சட்டம் போட்டார்கள். போர் அமைச்சர் எட்வின் ஸ்டான்டனை நீக்கி ஜான்சன் அதில் காலை விட்டார். ஸ்டான்டனோ நாற்காலியை விட மறுத்து, அலுவலகத்துக்குள்ளேயே தன்னை அடைத்துக்கொண்டார்.

பிரதிநிதிகள் சபை 126-47 என்று குற்றம் சாட்டியது. செனட் விசாரணையைப் பார்க்க அனுமதிச் சீட்டு அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது; அவ்வளவு கூட்டம். அன்றைய செனட்டில் 54 பேர், தேவைப்பட்டது 36. குடியரசுக் கட்சியிடம் மட்டுமே 42 பேர் இருந்தார்கள். அதிபர் விசாரணை நடந்த நான்கு முறைகளில், ஒரு கட்சி தனியாகவே அதிபரை நீக்கும் பலத்தோடு இருந்தது அந்த ஒரு முறைதான். மே 16 அன்று வாக்கெடுப்பு. குற்றவாளி என்று 35 பேர், இல்லை என்று 19 பேர். ஓர் ஓட்டில் ஜான்சன் தப்பினார். குடியரசுக் கட்சிக்காரர்கள் ஏழு பேர் அவர் பக்கம் நின்றிருந்தார்கள்.

அந்த ஏழு பேரில் கான்சஸின் எட்மண்ட் ராஸ் பெயர்தான் நிலைத்தது. ஜான் கென்னடி 1956-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரை மனசாட்சியின் நாயகனாகவே ஆக்கிவிட்டார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்கள்: வாக்கெடுப்புக்குப் பிறகு ராஸ் தன் ஆட்களுக்குப் பதவி கேட்டு ஜான்சனிடம் போனார். ஜான்சன் போனால் அதிபர் நாற்காலியில் அமரப்போகிறவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட்; பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேசிய அவரை, சொந்தக் கட்சியிலேயே பலருக்குப் பிடிக்காது. ஏழு பேரின் வாக்கில் மனசாட்சி எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும் ராஸ் மறுபடி செனட்டுக்கு வரவில்லை. பிறகு ஜனநாயகக் கட்சிக்கே போய்விட்டார். அந்த 1867-ம் ஆண்டுச் சட்டமோ அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் 1926-ல் சொன்னது.

நிக்ஸன் காலம் பொற்காலமா?

கட்சிக்கு மேலாக நாடு என்று நின்ற காலம் ஒன்று இருந்தது, அது 1974 என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. பாதி உண்மை. வாட்டர்கேட் விவகாரத்தில் ரிச்சர்ட் நிக்ஸன் மீதான விசாரணையைத் தொடங்க பிரதிநிதிகள் சபை 410-4 என்று வாக்களித்தது. இன்று அந்த எண்ணைக் கனவில்கூடக் காண முடியாது. ஜூலை 27 அன்று நீதித் துறைக் குழு முதல் குற்றச்சாட்டை 27-11 என்று ஏற்றபோது, குடியரசுக் கட்சியின் 17 பேரில் ஆறு பேர் ஆதரித்தார்கள்.

மறுபாதியைக் கவனியுங்கள். மீதி 11 பேர் எதிர்த்தார்கள். அவர்களில் பத்துப் பேர் மூன்று குற்றச்சாட்டுகளையுமே எதிர்த்தவர்கள். ஆகஸ்ட் 5 அன்று, உச்ச நீதிமன்ற உத்தரவால் ஓர் ஒலிநாடா வெளியே வந்தது. வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த திருடர்கள் பிடிபட்ட ஆறாம் நாளே, எஃப்பிஐ விசாரணையை சிஐஏ மூலம் தடுக்க நிக்ஸன் சம்மதிப்பது அவர் குரலிலேயே கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பத்துப் பேரும் மனம் மாறினார்கள். இரண்டு நாளில் பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் மூவர் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் உங்களுக்கு ஆள் இல்லை என்றார்கள். 9-ம் தேதி நிக்ஸன் போய்விட்டார். கருத்துக்கணிப்புகளின்படி, அந்தக் கடைசி நாட்களிலும் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவர் பக்கமே இருந்தார்கள். மூன்று குற்றச்சாட்டுகளையும் ஆதரித்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் மேரிலாந்தின் லாரன்ஸ் ஹோகன். அதே ஆண்டு மாநில ஆளுநர் வேட்பாளராக முயன்ற அவரைக் கட்சி நிராகரித்தது.

ஆக, தண்டனை அப்போதும் இருந்தது. இல்லாமல் இருந்தது, ஒலிநாடாவைக் கேட்ட பிறகும் 'அது ஒன்றுமில்லை' என்று சொல்லித் தரும் தொலைக்காட்சி அலைவரிசை. ஃபாக்ஸ் நியூஸ் 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய ரோஜர் எய்ல்ஸ், 1968 தேர்தலில் நிக்ஸனுக்கு ஊடக ஆலோசகராக இருந்தவர்!

பக்கம் மாறிய வசனங்கள்

1998 டிசம்பர் 19 அன்று பில் கிளின்டன் மீது குற்றம் சாட்டப்பட்டது. மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், விசாரணையைத் தடுத்தார் என்பவை புகார்கள். அதே வார இறுதியில் கேலப் கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு. அதற்கு முந்தைய மாதத் தேர்தலிலேயே மக்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருந்தார்கள். அதிபரின் ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடின, சபாநாயகர் நியூட் கிங்ரிச் பதவி விலகுவதாக அறிவித்தார். இருந்தும் குடியரசுக் கட்சி பின்வாங்கவில்லை. செனட்டில் ஒரு குற்றச்சாட்டு 45-55, இன்னொன்று 50-50. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவர்கூட குற்றவாளி என்று சொல்லவில்லை.

அந்த நாடகத்தில் மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சி ஆதரித்து இன்னொரு கட்சி எதிர்க்கும் பதவி நீக்கம் கூடவே கூடாது என்று 1998-ல் சபையில் முழங்கியவர் ஜெரால்ட் நாட்லர். கிளின்டனுக்கு எதிராக செனட்டில் வாதாடிய சபை உறுப்பினர்களில் ஒருவர் லிண்ட்சே கிரஹாம். கிளின்டனை விடுவிக்க ஓட்டுப் போட்ட புதிய செனட்டர் சக் ஷூமர். 21 ஆண்டுகள் ஓடின. உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கியிடம், தன் அரசியல் எதிரி ஜோ பைடனை விசாரிக்கச் சொல்லி, ராணுவ உதவியை நிறுத்திவைத்தார் என்று 2019-ல் டிரம்ப் மீது புகார். இப்போது அந்தத் தீர்மானத்தைத் தயாரித்த குழுவின் தலைவர் நாட்லர். டிரம்பை விடுவிக்க வாக்களித்தவர் கிரஹாம். தண்டிக்க வாக்களித்தவர் ஷூமர்.

இரண்டு வழக்கும் ஒன்றல்ல, உண்மைதான். அந்தரங்க உறவை மறைக்கச் சொன்ன பொய்யையும், வெளிநாட்டுக்கான ராணுவ உதவியைச் சொந்தத் தேர்தலுக்குப் பயன்படுத்தியதாக வந்த புகாரையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான உறுப்பினர்களின் மனசாட்சி, சொல்லிவைத்தாற்போல் கட்சிக் கோட்டில் வந்து நிற்கும்போது, வழக்கை எடைபோட்டு முடிவெடுத்தோம் என்று அவர்கள் சொல்வதை நம்புவது கஷ்டம்.

டிரம்ப் மீதான அந்தத் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியிலிருந்து ஓர் ஓட்டும் வரவில்லை. எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியின் ஜெஃப் வான் ட்ரூ அப்படியே அந்தப் பக்கம் தாவினார். செனட்டில் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் மிட் ராம்னி தனித்து நின்றார். சொந்தக் கட்சி அதிபரைத் தண்டிக்க வாக்களித்த முதல் செனட்டர் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. அதற்கு 152 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் ஊரில் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் சட்டம் பாயும், பதவி பறிபோகும். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யாரும் எப்படியும் ஓட்டுப் போடலாம். சட்டம் செய்யாததை பிரைமரி செய்துவிடுகிறது. பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால், உறுப்பினர் பயப்பட வேண்டியது எதிர்க்கட்சி வேட்பாளருக்கு அல்ல, தன்னைவிடத் தீவிரமான தன் கட்சிக்காரருக்கு. அதில் வாக்களிப்போரும் குறைவு. வருபவர்கள் கட்சியின் பரம விசுவாசிகள்.

அதனால்தான், 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட கலவரத்துக்குப் பின் டிரம்ப் மீது இரண்டாம் முறை வழக்கு வந்தபோதும் எண்ணிக்கை போதவில்லை. செனட்டர்கள் உயிருக்கு அஞ்சி ஓடிய நாள் அது. சாட்சியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, நீதிபதிகளே சாட்சிகள். குற்றவாளி என்றவர்கள் 57 பேர். குடியரசுக் கட்சியிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். இன்னும் பத்துப் பேர் வரவில்லை. கலவரத்துக்கு டிரம்ப்தான் தார்மிகப் பொறுப்பு என்று வாக்கெடுப்பு முடிந்ததும் எழுந்து நின்று பேசினார் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல். அவரும் குற்றவாளி இல்லை என்றே வாக்களித்திருந்தார். பதவியை விட்டுப் போனவரை விசாரிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பதவியில் இருக்கும்போதே விசாரிக்கச் செனட்டை முன்கூட்டியே கூட்டாததும் அவரேதான்.

அந்த ஏழு பேரில் 2022-ல் மீண்டும் தேர்தலைச் சந்தித்தவர் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி மட்டும். வென்றார். அலாஸ்கா மக்கள் 2020-ல்தான் கட்சி பிரைமரியை ஒழித்து, எல்லோரும் ஒன்றாகப் போட்டியிட்டு நால்வர் இறுதிக்குப் போகும் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள்.

அதன் பிறகு இந்த ஆயுதம் மலிந்துவிட்டது. 2023 டிசம்பரில் பைடன் மீதான விசாரணைக்கு 221-212 என்று அச்சுப் பிசகாத கட்சிக் கணக்கில் ஒப்புதல் தந்தார்கள். அது எங்கும் போய்ச் சேரவில்லை. 2024 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் அலெஹாண்ட்ரோ மயோர்கஸ் மீது 214-213 என்று குற்றம் சாட்டினார்கள். செனட் விசாரிக்காமலே தள்ளியது. மறுபடி அதிபரான டிரம்ப் மீது 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் அல் கிரீன் கொண்டுவந்த தீர்மானத்தை 344-79 என்று கிடப்பில் போட்டார்கள். ஜனநாயகக் கட்சியினரிலேயே பெரும்பாலோர் கிடப்பில் போடச் சொன்னவர்கள். தோற்கப்போகும் வழக்கைத் தொடுத்து எதிரியைத் தியாகியாக்க அவர்களுக்கு விருப்பமில்லை.

2024 தேர்தலுக்குப் பின் அமைந்த செனட்டில் ஜனநாயகக் கட்சி அணிக்கு 47 பேர். 67-க்கு இன்னும் 20 பேர் வேண்டும். எனவே, அமெரிக்க அதிபர் மீது பதவி நீக்கத் தீர்மானம் என்று அடுத்த முறை கொட்டை எழுத்தில் செய்தி வந்தால், குற்றச்சாட்டுகளைப் படிப்பதற்கு முன் அதிபரின் சொந்தக் கட்சியில் எத்தனை பேர் ஆதரவு என்ற ஒரு வரியைத் தேடுங்கள். அது இருபதுக்குப் பக்கத்தில் வராத வரை, அந்த அதிபர் பதவிக்காலத்தை முடித்துவிட்டுத்தான் போவார்.