கேஸ் அடுப்பில் தீ குறைவா எரியுதா? ரெகுலேட்டரைத் திருகி பிரஷரைக் கூட்டலாமா?

சிலிண்டர் மாத்தி பத்து நாள்தான் ஆகுது, அதுக்குள்ள தீ சுருங்கிப் போச்சு. இப்படி ஆனால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ரெகுலேட்டரைத்தான். புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் போல டவுனை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில், 'மெக்கானிக் எப்போ வர்றது, நாமளே பார்த்துடலாம்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அதில்தான் ஆபத்து இருக்கிறது.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது?

14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கும். வெயிலைப் பொறுத்து உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 முதல் 8 கிலோ வரை அழுத்தம் இருக்கும். அடுப்புக்குத் தேவையானதோ வெறும் 30 கிராம். அதாவது 150 மடங்குக்கும் மேல் குறைக்க வேண்டும். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.

பிரஷரைக் கூட்ட முடியாதா?

வெல்டிங் சிலிண்டர், பெயின்ட்பால் துப்பாக்கியின் காற்று டேங்க் போன்ற சிலவற்றில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றி அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். வீட்டு ரெகுலேட்டர் அப்படியல்ல. அதன் அழுத்தம் தயாரிக்கும்போதே நிர்ணயிக்கப்பட்டது. மேலே இருக்கும் குமிழ் ஆன், ஆஃப் செய்ய மட்டும்தான்.

கல்யாண சமையலுக்கும் ஹோட்டல்களிலும் பயன்படும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை வாங்கி வீட்டு அடுப்பில் மாட்டுவது இன்னும் ஆபத்து. அடுப்பின் ஜெட்டும் டியூப்பும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. டியூப் கழன்றாலோ வெடித்தாலோ கேஸ் மொத்தமாக வெளியேறும்.

அப்போ தீ ஏன் குறையுது?

* பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னர் ஓட்டைகளை அடைத்திருக்கலாம். தீ மஞ்சளாக எரிந்தால் முதலில் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.
* ஜெட்டில் தூசு அடைத்திருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.
* டியூப் மடங்கியோ நசுங்கியோ இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டியூப்பை மாற்ற வேண்டும்.
* சிலிண்டர் தீரும் கட்டத்தில் இருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தீ குறைந்தால், ரெகுலேட்டரை ஏஜென்சிக்கு எடுத்துச் செல்லுங்கள். அது டெபாசிட் வாங்கிக்கொண்டு கேஸ் கம்பெனி கொடுத்தது. பழுதானால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பிரித்துப் பார்க்கக் கூடாது.

கேஸ் வாசனை வந்தால்?

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். உடனே ரெகுலேட்டரை ஆஃப் செய்து, கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு, 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே பார்க்காதீங்க.