ஆற்காட்டுக் கோட்டை

ஆற்காட்டுக் கோட்டை என்பது தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டத்தில், பாலாற்றின் தென்கரையில் உள்ள ஆற்காடு நகரில் அமைந்திருந்த கோட்டை ஆகும். இது பலமுறை கைமாறியது. இன்று தில்லி வாயிலும் சில சிதைவுகளுமே எஞ்சியுள்ளன.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருநாடகத்தின் தலைநகரம் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1740 இல் தாமல்செருவுப் போரில் நவாபு தோசுத்து அலி கான் கொல்லப்பட்டதும் மராத்தியர் ஆற்காட்டினுள் நுழைந்தனர்.

1751 முற்றுகை

திருச்சிராப்பள்ளியில் முகமது அலியைச் சந்தா சாகிபு முற்றுகையிட்டிருந்தார். அவரது படையைப் பிரிக்கும் நோக்கில் இராபர்ட் கிளைவு சுமார் 200 ஐரோப்பியருடனும் 300 சிப்பாய்களுடனும் சென்னையிலிருந்து வந்தார். கோட்டைக் காவற்படை போரிடாமலே வெளியேறிவிட்டது.

கைப்பற்றிய கோட்டையோ வலுவானதன்று. சுற்றளவு ஒரு மைலுக்கும் மேல். காப்பதற்கோ சில நூறு பேர். மதில்கள் பல இடங்களில் இடிந்திருந்தன. மதில்மேடை பீரங்கி வைத்துச் சுட இயலாத அளவு குறுகலானது. அகழியை ஆட்கள் நடந்தே கடக்கலாம். சில பகுதிகளில் நீரே இல்லை. பெருமளவு கட்டுமானம் இயலாத நிலையில், உடைப்பு ஏற்பட்ட இடங்களுக்கு உட்புறம் பள்ளங்களும் மண்தடுப்புகளும் அமைக்கப்பட்டன. சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபு சுமார் 50 நாட்கள் முற்றுகையிட்டார். நவம்பரில், மொகரம் நாட்களில், இறுதித் தாக்குதல் நடந்தது. நெற்றியில் இரும்புத் தகடு பொருத்திய யானைகள் கதவுகளை முட்டி உடைக்க ஏவப்பட்டன. குண்டுகள் பட்டு மிரண்ட அவை தம் படையினரையே மிதித்தன. மறுநாள் முற்றுகை கைவிடப்பட்டது.

சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்கு அளித்துவிட்டுத் தாம் கஞ்சித் தண்ணீர் குடித்தனர் என்னும் கதை பிற்காலத்தில் பரவலாக எழுதப்பட்டது. வெற்றியின் புகழ் கிளைவுக்குச் சென்றது. அச்சிப்பாய்களுள் பெரும்பாலோரின் பெயர் நூல்களில் இல்லை.

பிற்காலம்

1758 இல் பிரெஞ்சுக்காரரும், வந்தவாசிப் போரை அடுத்து 1760 பெப்ரவரியில் அயர் கூட்டின் தலைமையில் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். 1780 இல் ஐதர் அலி ஆற்காட்டை முற்றுகையிட்டார். ஆங்கிலப் படை காஞ்சிபுரம் நோக்கி நகர்வதை அறிந்து இடையில் முற்றுகையை விலக்கினார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிக்கப்பட்டது. அதன்பின் திரும்பிவந்த ஐதர், நவம்பரில் ஆற்காட்டைப் பிடித்தார். அவ்வகையில் ஆற்காட்டின் வீழ்ச்சி புள்ளலூரிலேயே ஏறத்தாழ முடிவாகிவிட்டது எனலாம்.

1782 திசம்பரில் ஐதர் சித்தூர் அருகே இறந்தார். 1783 இல் ஆற்காட்டை விட்டு நீங்கிய திப்பு சுல்தான் அரண்களைத் தகர்த்தார். 1801 இல் கருநாடகம் கம்பெனி ஆட்சியின் கீழ் வந்ததால், கோட்டையை மீண்டும் எழுப்பும் தேவையும் நீங்கியது.

தில்லி வாயில்

பாலாற்றங்கரையில் இன்றும் நிற்கும் இவ்வாயிலின் மேல் ஓர் அறை உள்ளது. கிளைவு அங்குத் தங்கினார் என்பது வழக்கு. எதிரே ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே காணப்படும்.