மருந்து தவறாமல் இருக்க ஓர் ஆள்: கிராமத்தில் எச்.ஐ.வி. உள்ளோருக்கான துணை

காலைப் பேருந்தில் யார் ஏறினார்கள், எதற்கு டவுனுக்குப் போனார்கள் என்பது மதியத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும் ஊர்களில், எச்.ஐ.வி. உள்ள ஒருவர் மாதாமாதம் மருந்து வாங்கப் போவது சாதாரணக் காரியமில்லை. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்த முகம் இருக்குமோ என்று தொலைவிலுள்ள மையத்தில் பதிந்துகொள்பவர்கள் உண்டு. அறுவடை வந்தாலோ நூறு நாள் வேலை வந்தாலோ பயணம் தள்ளிப்போகும். மாத்திரை தீர்ந்தால் கிருமி மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாத கிருமியும் உருவாகலாம்.

இங்கேதான் ஏற்கெனவே இதே வழியில் போய்வந்த இன்னொருவர் தேவைப்படுகிறார். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 1997இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோர் தங்களுக்கென அகில இந்தியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா உள்ளிட்ட பெண்கள் தனி அமைப்பு கண்டார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்ததோ 2004 ஏப்ரலில்தான். மருந்துக்கு முன்பே துணை வந்துவிட்டது.

துணை என்ன செய்யும்?

நம்பிக்கை மையம் எனப்படும் அரசுப் பரிசோதனை மையத்தில் முடிவு தெரிந்தவரை முதல் முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப்போகும். மாத்திரை எடுத்த புதிதில் தூக்கம் கெட்டால், குமட்டினால், நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வைக்கும். இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பும். மருந்து ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது என்பதைச் சொல்லும். இதைத் தானே வாழ்ந்துகாட்டும் ஒருவர் சொல்லும்போது நம்புவது எளிது.

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து பெறவும், உடல்நிலை சீரானவர்கள் பல மாத மருந்தை ஒரே தடவையில் வாங்கவும் ஏற்பாடு உண்டு. கேட்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கிறது.

சட்டம் தரும் உரிமைகள்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

• விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது.
• எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலை, சிகிச்சை, பள்ளிச் சேர்க்கை, வாடகை வீடு ஆகியவற்றை மறுக்கக் கூடாது.
• பெண்ணையும் 18 வயதுக்குட்பட்டவரையும் கூட்டாக வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. கணவன் இறந்ததும் மருமகளை அனுப்பிவிடும் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும்.
• நம்பிச் சொன்ன நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது.

ஆபத்து எங்கே?

கடைசி விதி, துணை தரும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்தாருக்கும் பொருந்தும். கூட்டத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போவது, வீடு தேடிவரும் பணியாளர் பக்கத்து வீட்டில் விசாரிப்பது, பெயர்ப் பட்டியலை மேசைமேல் விட்டுப்போவது ஆகியவை நல்லெண்ணத்தோடு செய்தாலும் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே துரத்தக்கூடும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வீட்டுக்கு வரலாமா என்பதை எச்.ஐ.வி. உள்ளவரே சொல்லட்டும். தம் மாத்திரையைப் பகிர்வதும், மூலிகையால் முழுக் குணம் என்பவரிடம் அனுப்புவதும் துணை ஆகாது.

புகார் செய்வது எப்படி?

100 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களிலும், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள மருத்துவ நிறுவனங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மேலே மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரமென்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மீறினால் ரூ.10,000 வரை அபராதம் உண்டு. நீதிமன்ற வழக்கில் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்தக் கோரலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

புகார் கொடுத்தாலே ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் பல அநீதிகள் பேசப்படாமல் போகின்றன. சங்கத்தில் ஒருவர் உடன் வந்து மனு எழுத உதவினால் அந்தப் பயம் பாதியாகும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.